கடனா, கலப்படமா?

நீர்க்கரடி என்னும் ஒரு சிற்றுயிரைப் பற்றி 2015ஆம் ஆண்டின் கடைசியில் இரண்டு விஞ்ஞான வியாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. முன்னது அமெரிக்காவில் எழுதப்பட்டது. பின்னது ஸ்காட்லாந்தில் எழுதப்பட்டது. முன்னது ஒரு பெருஞ்செய்தியைச் சொல்லிற்று; பின்னது அச்செய்திக்கு ஆதாரமில்லை என்றது. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கியப் பகுதியில் புழுப் பூச்சிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கம்பன் பாட்டில் எது கம்பனுடையது, எது பின்னவர் நுழைத்தது என்று ஆராய்வது இலக்கிய வேலையானால், ஓர் உயிரின் எழுத்தில் எது அதனுடையது, எது அயலாருடையது என்று ஆராய்வதும் அதே ஜாதி வேலைதான். அன்றியும், இவ்விவகாரத்தில் நாமே ஒரு தப்பிதம் செய்திருக்கிறோம். அதை ஒப்புக்கொள்ளவும் இதுவே தக்க இடம்.

முதலில் நீர்க்கரடி இன்னதென்று சொல்லிவிடுவோம். அது எட்டுக் கால்களுடைய ஜந்து. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர் நீளம்கூட இரா. சுவரோரத்துப் பாசியிலும், குளத்துச் சேற்றிலும், கடல் மணலிலும் வாழும். 1773இல் ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர் அதைப் பூதக்கண்ணாடியில் கண்டு இப்பெயரிட்டார். நீர் வற்றினால் அவற்றுள் பல வகைகள் உமிபோல் சுருண்டு நெடுங்காலம் கிடந்து, நீர் பட்டதும் எழுந்து நடக்கும். 2007இல் விண்கலத்தில் ஏற்றிக் காற்றற்ற வெளியில் திறந்து வைத்தபோதும் சில உயிரோடு மீண்டன. தமிழ்நாட்டு மண்டபம் கடற்கரை மணலில் கொச்சிப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த ஒரு புது வகைக்கு 2023இல் சந்திரயானின் பெயரையே சூட்டினார்கள். இப்பிராணிக்குப் புராணம் பாடுவது எளிது. விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி வேறு: இந்த வலிமை இதற்கு எங்கிருந்து வந்தது?

எந்த விலங்கும் தன் உடலமைப்புக்குரிய குறிப்பைத் தாய் தந்தையரிடமிருந்து பெறுகிறது. அக்குறிப்பு டி.என்.ஏ. என்னும் இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு வாசகமும் ஒரு மரபணு எனலாம். பாக்டீரியாக்களோ பெற்றோர் வழியோடு நிற்பவை அல்ல. அண்டையிலிருக்கும் வேற்றினத்தாரிடமிருந்தும் மரபணுவை வாங்கிக்கொள்ளும். மருந்துக்கு மசியாத குணம் ஒரு கிருமியிலிருந்து வேறோர் இனக் கிருமிக்குப் பரவுவது இவ்வழியாகத்தான். இதனைப் பக்கவழி மரபணுப் பெயர்ச்சி என்று சொல்லுவோம். விலங்குகளில் இது மிக அபூர்வம்.

இந்நிலையில், வட கரோலினா பல்கலைக்கழகத்துத் தாமஸ் பூத்பி, பாப் கோல்ட்ஸ்டீன் முதலியோர் எழுதிய முதல் வியாசம் 2015 நவம்பர் 23ஆம் தேதி அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. ஹிப்சிபியஸ் என்னும் நன்னீர் வகையின் மரபணுக்களைப் படித்ததில், நூற்றுக்கு 17.5 வீதம், அதாவது 6,663 மரபணுக்கள், பாக்டீரியா முதலிய அயல் உயிர்களிடமிருந்து வந்தவை என்று அது கூறிற்று. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! அதற்கொரு காரணமும் சொல்லப்பட்டது. உலரும்போது இதன் டி.என்.ஏ. உடைகிறது, மறுபடி நீர் பெறும்போது உயிரணுவின் சவ்வு கசிகிறது, அவ்வேளையில் அயல் டி.என்.ஏ. உள்ளே புகுந்து, உடைந்த இழை ஒட்டப்படும்போது தானும் சேர்ந்து ஒட்டப்படுகிறது என்பது அக்காரணம். கதை அழகாயிருந்தது. உலகப் பத்திரிகைகள் யாவும் அதை எடுத்துக்கொண்டன.

நாமும் எடுத்துக்கொண்டோம். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடும் வாசகர் வட்டத்தில் இச்செய்தியை நாம் தமிழில் எடுத்துச் சொன்னோம். ஆங்கில வழியில் படித்தவர் என்பதனால் இவ்வகைச் செய்திகளைச் சொல்லும் வேலை நம்மிடம் விடப்படுவது வழக்கம். செய்தி நமக்கு இனித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. பிறப்பின் தூய்மை பேசி மனிதரை மேலென்றும் கீழென்றும் பிரிப்போரை அடிக்க நல்ல சாட்டை கிடைத்ததென்று எண்ணினோம். "உலகிலேயே வலிமை மிக்க பிராணியின் உடலில் ஆறில் ஒரு பங்கு அயலாருடையது, இனித் தூய இரத்தம் பேசுவோர் எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்கள்?" என்று முடித்தோம். எல்லாரும் கைதட்டினார்கள்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தமையனோடு வந்திருந்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, "சார், அந்தப் புழுவைக் கழுவிட்டுத்தானே பார்த்தாங்க?" என்று கேட்டாள்.

"அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தார் கழுவாமலா பார்த்திருப்பார்கள், தங்கச்சி?" என்றோம். சபை சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர் என்பது பின்னர் தெரிந்தது.

இரண்டே நாளில், டிசம்பர் 1ஆம் தேதி, எடின்பரோ பல்கலைக்கழகத்தாரின் மறுப்பு பொதுவில் வைக்கப்பட்டது. கொட்சொவூலொஸ், மார்க் பிளாக்ஸ்டர் முதலியோர் எழுதிய அவ்வியாசம் 2016 மார்ச்சில் அதே கழகத்தின் பத்திரிகையில் அச்சேறிற்று. அதன் தலைப்பே ஒரு விமரிசனம். முன்னவர் "விரிவான பெயர்ச்சிக்குச் சான்று" என்று மகுடமிட, பின்னவர் அச்சொற்களையே எடுத்துச் "சான்று இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். வசை ஒன்றுமில்லை, இல்லை என்ற சொல் ஒன்றே கூடிற்று.

அவர்கள் படித்ததும் வேறு பிராணியை அன்று. இங்கிலாந்தில் போல்ட்டன் நகரத்துக் குளமொன்றிலிருந்து 1987இல் எடுக்கப்பட்ட ஹிப்சிபியஸின் சந்ததியையே இரு கட்சியாரும் வளர்த்துவந்தனர். ஆயினும் அமெரிக்கப் பிரதியில் 21 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளும் 38,000க்கு மேற்பட்ட மரபணுக்களும் இருந்தன. எடின்பரோப் பிரதியிலோ ஏறக்குறைய 13½ கோடி எழுத்துகளும் 23,000 மரபணுக்களுமே இருந்தன. ஒரே நூலின் இரு பதிப்புகளில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு பருத்திருந்தால், இலக்கிய மாணவன் முதலில் எதைச் சந்தேகிப்பான்? இடைச்செருகலையன்றோ? எடின்பரோவினரும் அதையே சந்தேகித்தனர். கடனாகக் கொள்ளத்தக்கவை மிஞ்சிப் போனால் நூற்றுக்கு ஒன்றிரண்டே என்று முடிவு கூறினர்.

இப்பிழை நேர்ந்த விதத்தை ஏட்டுச் சுவடியை வைத்து விளக்கலாம். டி.என்.ஏ.வை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டத்தில் படிக்க இயலாது. ஒரு நூலின் நூறு ஏட்டுப் பிரதிகளைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரே சாக்கில் போட்டு, துண்டுகளின் ஓரத்துச் சொற்களை ஒப்பிட்டு ஒட்டி மூல நூலை மீட்பது போன்ற வேலை அது. நீர்க்கரடியோ மிகச் சிறியது. வேண்டிய அளவு டி.என்.ஏ. கிடைக்க ஆயிரக்கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டும். அவற்றின் குடலிலும் தோலிலும் நீரிலும் பாக்டீரியா உண்டு. ஆகவே சாக்கில் வேறு நூல்களின் ஏடுகளும் விழுந்துவிடுகின்றன. ஒட்டுகிற இயந்திரம் எதையும் விலக்காது. பின்னர், சிந்தாமணியின் நடுவே மருத்துவ நூலின் ஓர் ஏட்டைக் கண்டவன், "திருத்தக்கதேவர் மருத்துவரிடம் கடன் வாங்கினார்" என்றும் சொல்லலாம். "வேற்றுச் சுவடி கலந்துவிட்டது" என்றும் சொல்லலாம். இரண்டில் எது உண்மை என்பதற்குச் சோதனை வேண்டும்.

எடின்பரோவினர் செய்த சோதனைகள் இலக்கிய ஆராய்ச்சியாளர் யாவரும் கற்கத்தக்கவை. ஒன்று, எண்ணிக்கை. நூறு பிரதியை நறுக்கினால் அந்நூலின் எந்த வரியும் ஏறக்குறைய நூறு துண்டில் வரவேண்டும்; ஐந்தே துண்டிலோ ஐந்நூறு துண்டிலோ வரும் வரி வேற்று நூலினது என்று ஐயுறலாம். இரண்டாவது, அண்டை. அயல் மரபணு உண்மையில் குடியேறியிருந்தால், ஒரே நெடிய இழையில் அதன் இருபுறமும் விலங்கின் மரபணுக்கள் இருக்கவேண்டும். முன்னவர்கள் இவ்வகை இணைப்புகள் சிலவற்றைச் சோதித்திருந்தார்கள் என்பது மெய். ஆனால் அவற்றில் ஒரு பகுதி பாக்டீரியாவோடு பாக்டீரியா இணைந்தவை. கலப்படமான கிருமியிலும் அவ்விணைப்பு அப்படியேதான் இருக்கும். அதனால் எதுவும் ருசுவாகாது. மூன்றாவது, நடை. விலங்கின் மரபணுக்களின் நடுநடுவே வெட்டியெறியப்படும் இடைத்துண்டுகள் உண்டு. பாக்டீரியாவில் அவ்வழக்கம் பெரும்பாலும் இல்லை. நெடுநாள் குடியிருந்தவனுக்கு ஊர்வழக்கு ஒட்டியிருக்கும். நேற்று வந்தவனுக்கு ஒட்டியிராது. நான்காவது, வேறு பிரதி. இதுவே தலையாயது. பிராணி ஒன்றேயாயினும் ஊருக்கு ஊர் நீரிலுள்ள கிருமிகள் வேறு. அமெரிக்கப் பிரதியில் கண்ட அயல் துண்டுகளில் மிகப் பலவற்றுக்கு எடின்பரோவில் சுவடே இல்லை. தங்கள் சாக்கிலும் கலப்படம் இருந்ததை எடின்பரோவினர் மறைக்கவில்லை. இன்னின்னதைக் கண்டு பிரித்தோம் என்று எழுதினார்கள்.

பிறகு சாட்சிகள் பெருகின. ஜப்பானில் அரக்காவா ஒரே ஒரு நீர்க்கரடியைச் சுத்தம் செய்து அதன் டி.என்.ஏ.வைப் படித்தார், அயல் துண்டுகள் காணாமற்போயின. சிக்காகோவில் டெல்மான், எரென் இருவரும் கலந்திருந்த பாக்டீரியாக்களை இனம் இனமாகப் பிரித்துக் காட்டினர். 2016 செப்டம்பரில் டோக்கியோவினர் வேறொரு நீர்க்கரடி வகையை மிக நுட்பமாகப் படித்து வெளியிட்டபோது, அயல் மரபணு நூற்றுக்கு 1.2 வீதமே என்று கண்டனர். அதைவிட முக்கியமான செய்தி அந்த வியாசத்திலேயே இருக்கிறது. டி.என்.ஏ.வைப் போர்த்திக் காக்கும் ஒரு புரதத்தை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதனை மனித உயிரணுவில் வைத்தபோது எக்ஸ்ரே கதிரால் நேரும் சேதம் ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைந்தது. அப்புரதம் எந்தக் கிருமியிடமும் வாங்கியதன்று, நீர்க்கரடிகளுக்கே உரியது.

முன்னவர்களைப் பழிப்பது நமது கருத்தன்று. தாம் படித்த துண்டுகளை அவர்கள் பூட்டி வைக்கவில்லை; எல்லாரும் எடுத்துப் பார்க்குமாறு வைத்தார்கள். வைத்தபடியால்தான் பிழை இத்தனை விரைவில் வெளிப்பட்டது. மறுப்பை வெளியிட்ட அதே பத்திரிகையில் தம் சமாதானத்தையும் எழுதினார்கள். அவர்களிடம் நாம் காணும் குறை ஒன்றே: எதிர்பாராத எண் கிடைத்தபோது, எண்ணைச் சந்தேகிப்பதற்கு முன் அதற்குக் காரணம் கற்பித்துவிட்டார்கள். அதற்கு முன்னரே ஓர் எச்சரிக்கை இருந்தது. 2001 பிப்ரவரியில் மனித மரபணுத் தொகுதியை வெளியிட்டோர், நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்து நேரே நம் முன்னோரிடம் வந்திருக்கலாம் என்றார்கள். சில மாதங்களுக்குள் சால்ஸ்பர்க் முதலியோர், மேலும் பல பிராணிகளோடு ஒப்பிட்டு, அத்தொகையை நாற்பதளவுக்குக் குறைத்து, அதற்கும் கடனல்லாத வேறு காரணம் போதும் என்று காட்டினர்.

நிற்க. இதைக் கேட்டு, "அப்படியானால் கடன் என்பதே பொய், எல்லாம் அவரவர் பிறப்புச் சொத்தே" என்று எதிர்க்கரைக்கு ஓடுவோர்க்கும் இங்கே இடமில்லை. அதற்குச் சான்று நம் மலேசியக் காட்டிலேயே இருக்கிறது. மலாய்க்காரர் பக்மா என்றழைக்கும் ரப்லீசியாவுக்கு இலையில்லை, தண்டில்லை, வேரில்லை. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கொடியின் உள்ளே நூல்போல் ஓடி வாழ்ந்து, பூக்கும்போது மட்டும் வெளியே வருகிறது. இதன் குலம் எது என்பது நெடுநாள் விவாதம். 2004இல் டேவிஸ், வுர்டாக் இருவரும் பார்த்தபோது, பெரும்பாலான மரபணுக்கள் ஒரு குலத்தைக் காட்ட, ஒன்று மட்டும் அது குடியிருக்கும் கொடியின் குலத்தைக் காட்டிற்று. 2007இல் அதன் பிறப்பு தெளிவாயிற்று. நம் பாட்டன்மார் சீவிய பால்மரம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்தினின்று கிளைத்ததே இந்தப் பூவும்!

2012இல் தீபகற்ப மலேசியாவின் ரப்லீசியா வகை ஒன்றை ஆராய்ந்து வியாசமொன்று வந்தது. எழுதியவருள் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்து ரிம்பா இல்மு தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த எம். சுகுமாரனும் ஒருவர். ஒட்டுண்ணி கொடிக்குள்ளேயே வாழ்வதால் கலப்பட ஐயம் நீர்க்கரடியைவிட இங்கு அதிகம். ஆகவே பூவையும் கொடியையும் தனித்தனியே படித்து ஒப்பிட்டனர். கலப்படமாயின் கொடியின் வாசகம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கவேண்டும். இவையோ கொடிக்கு நெருங்கியவையாயினும், பிரிந்து நெடுங்காலம் தனியே மாறிவந்தவை. இப்படி வேலை செய்யும் மரபணுக்கள் சில டஜன் கொடியிடமிருந்து வந்திருக்கின்றன என்று முடிவு கண்டனர். நீர்க்கரடியிலும் கடன் அறவே இல்லையென்பதன்று. 2024இல் சீன விஞ்ஞானிகள் ஹொனான் மாகாணத்து நீர்க்கரடி ஒன்றில், பாக்டீரியாவிலிருந்து வந்த ஒரு மரபணு, பீட்ரூட் கிழங்கின் செந்நிறத்தை ஒத்த நிறப்பொருளைச் செய்து கதிர்வீச்சிலிருந்து காக்கிறதென்று காட்டினார்கள். ஆறாயிரம் கடன் சொன்ன வியாசம் நிற்கவில்லை. ஒரே கடனைக் காட்டி அதன் பயனையும் காட்டிய வியாசம் படிக்கத் தக்கதாயிருக்கிறது.

தமிழாராய்ச்சிக்கு இதிலிருந்து பெறவேண்டியது யாது? உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை அச்சிடுமுன் ஊரூராய்ச் சுவடி தேடிப் பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டார். ரசிகமணி டி. கே. சி.யோ தம் செவியையே உரைகல்லாகக் கொண்டு கம்பனில் பல பாடல்களைச் செருகுகவி என்று தள்ளினார். அவர் செவி நுண்ணியதே. ஆயினும் "எனக்கு இனிக்கவில்லை, ஆகவே கம்பனன்று" என்பதும், "எனக்கு இனிக்கிறது, ஆகவே உண்மை" என்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். சொல்லாராய்ச்சியிலும் இவ்வாறே. மலாயில் கெடாய் என்பது நம் கடை; காப்பால் என்பது நம் கப்பல். கடல் வாணிகமும் பொருளும் ஒலியும் ஒருங்கே சாட்சி சொல்வதால் இவற்றை ஏற்கிறோம். ஆனால் ஓசை சற்று ஒத்தவுடன் உலகத்து மொழிச் சொற்களையெல்லாம் தமிழென்று கணக்கெழுதுவோர், அண்டையும் பார்ப்பதில்லை, வேறு பிரதியும் பார்ப்பதில்லை. அவர்கள் எண் பெரிது, எடை இல்லை.

இனி நமது தப்பிதத்துக்கு வருவோம். தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு, உதிரிப்பழ மூட்டையில் மணலும் சருகும் எவ்வளவு என்று பார்த்து எடையைக் கழித்து எழுதுவது அன்றாட வேலை. வெயிலில் குனிந்து பொறுக்கிய தாய்மாரின் மூட்டையில் மணலைத் தேடும் நமது கண், பல்கலைக்கழகத்தின் மூட்டையில் மணலைத் தேடவில்லை. ஆங்கிலத்தில் அச்சானதாலும், நமது கட்சிக்கு உதவியதாலும் அப்படியே எடைபோட்டுக்கொண்டோம். சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது என்று வாயடைப்பவனுக்கும், பத்திரிகையில் வந்திருக்கிறது என்று வாயடைத்த நமக்கும் அன்று பேதம் யாது? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென்பதற்கு நீர்க்கரடியின் சாட்சி தேவையுமில்லை. நல்ல கொள்கைக்குப் பொய்ச் சாட்சி கொண்டுவந்தால், சாட்சி விழும்போது கொள்கைக்கும் அடி விழும்.

மறுப்பு வந்ததை அந்த டிசம்பரிலேயே படித்தோம். ஆயினும் அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. கைதட்டல் காதில் இருந்தது, வெட்கமும் இருந்தது. அடுத்த மாதம் சொல்லலாமென்று தள்ளினோம், மாதங்கள் வருஷங்களாயின. அதற்குள் அந்தத் தோட்டம் விற்கப்பட்டு வீடுகளாயிற்று, குடும்பங்கள் சிதறின, அந்தப் பெண் எங்கிருக்கிறாரென்று அறியோம். எடின்பரோவில் அத்தனை விஞ்ஞானிகள் கேட்ட கேள்வியை, அவர்களின் வியாசம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பிரிக்பீல்ட்ஸ் மாடியில் எழுந்து கேட்டவர் அவர். பத்தாண்டு கழித்தேனும் இந்தத் திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறோம். நீர்க்கரடியில் ஆறில் ஒரு பங்கு அயலாருடையது என்று நாம் சொன்னது தவறு. அன்று நமக்கிருந்த அறிவுக்கு நேர்மையான விடை ஒன்றே இருந்தது: "தெரியாது, தங்கச்சி, பார்த்துச் சொல்கிறேன்."